வடகயிலைக்கு வழிநடந்த வாகீசர்

புழல் என்றவளவில், சென்னை மக்களுக்குக் குடிநீர் உதவும் ஏரியே இன்று பலர் நினைவுக்கு வரும். பண்டைத் தொண்டைநாடு 24 கோட்டங்களாக வகுக்கப்பட்டிருந்த காலத்தில், ஒரு கோட்டத்துக்குத் தன் பெயரை ஈந்த பெருமையுடையது அவ்வூர். கடல்சார்ந்த திருவொற்றியூரும் புழற்கோட்டத்தின்பாற் பட்டதென்பது அத்திருக்கோயிற் கல்வெட்டுக்களால் அறியப்படும். கி.பி. 7-ஆம் நூற்றாண்டில் இக்கோட்டத்து மண்ணைத் தம் திருவடியால் மிதித்து, ஒற்றியூர்ப் பெருமானைத் தொழுது, மேலும் வடதிசை நோக்கி நடந்தார் ஒரு முதியவர். அந்நடை திருக்கயிலாயத்தை நாடும் பயணமாய் நீண்டது. அவரே நம் திருநாவுக்கரசு நாயனார்.

நாயனார் திருமுனைப்பாடி நாட்டுத் திருவாமூரில், வேளாண் மரபிற் குறுக்கையர் குடியில், புகழனாருக்கும் மாதினியாருக்கும் மைந்தராய்த் தோன்றினார். மருள்நீக்கியார் என்பது பிள்ளைத்திருநாமம். இளமையிலேயே பெற்றோரை இழந்தார். தமக்கையார் திலகவதியாரை மணத்தற்கு உரியவரான கலிப்பகையாரும் போரில் உயிர் துறந்தார். உடன் மாயத் துணிந்த அவ்வம்மையார் தம்பியார் பொருட்டே உயிர் தாங்கியிருந்தார். மருள்நீக்கியார் சமண சமயம் புகுந்து தருமசேனர் என்னும் பெயரோடு தலைமை பெற்றார். பின்னர்ச் சூலைநோய் வருத்தத் தமக்கையாரை அடைந்து, திருவதிகை வீரட்டானத்தில் நோய் நீங்கி, நாவுக்கரசெனும் நாமம் பெற்றார். பல்லவ வேந்தன் நீற்றறையிலிட்டும், நஞ்சூட்டியும், யானையை ஏவியும், கல்லிற் பிணித்துக் கடலிற் தள்ளியும் அவர் அஞ்சிலர் என்று பெரியபுராணம் கூறும். அவ்வேந்தன் முதலாம் மகேந்திரவர்மன் என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து.

அதன்பின் அவர் வாழ்க்கை முழுதும் வழிநடையேயாயிற்று. கையில் உழவாரம் தாங்கி, திருக்கோயில் முற்றங்களிற் புல்செதுக்கி, ஊர்தோறும் பாடி நடந்தார். திருப்பைஞ்ஞீலிக்குச் செல்லும் வழியிற் பசியால் தளர்ந்தபோது, இறைவன் வேதியராய் எதிர்ப்பட்டுப் பொதிசோறு அளித்தான். பசியையும் வெயிலையும் நெடுவழியையும் இவ்வாறு பழகிய உடம்போடுதான் நாயனார் வடக்கே புறப்பட்டார். ஒற்றியூருக்குப் பின் திருப்பாசூர், திருவாலங்காடு முதலிய தலங்களை வணங்கித் தென்கயிலை எனப்படும் திருக்காளத்தியை அடைந்தார். அங்குக் கண்ணப்பரைத் தொழுது நின்றபொழுது, வடகயிலையில் இறைவன் வீற்றிருக்கும் கோலத்தைக் காணும் வேட்கை அவருள்ளத்து எழுந்தது.

அவ்வேட்கையின் அருமையை இன்று நாம் அளந்தறியலாம். திபெத்திலுள்ள கயிலை மலை 6,638 மீட்டர் உயரமுடையது. மானசரோவர் ஏரியே ஏறத்தாழ 4,590 மீட்டர் உயரத்திற் கிடக்கின்றது. அங்கே காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஐந்தில் மூன்று பங்களவே ஆதலின், விரைந்து ஏறுவோர்க்குத் தலைநோவும் மூச்சுத்திணறலும் உண்டாகும். 1981-இல் இந்திய அரசு தொடங்கிய யாத்திரையிற் சேர்வோர் முன்னரே மருத்துவச் சோதனைக்கு உட்படுகின்றனர். இடையிடையே தங்கி உயரத்துக்கு உடலைப் பழக்குகின்றனர். கம்பளி உடையும் உணவும் மருந்தும் உடன் கொள்கின்றனர். உடம்பைக் காத்துச் செல்லும் இம்முறை அறிவுடைமையே.

நாயனார் செய்த ஆயத்தமோ வேறு வகையது. திருப்பருப்பதம் வணங்கி, தெலுங்கம், கன்னடம், மாளவம், இலாடம் முதலிய நாடுகளைக் கடந்து வாரணாசியை எய்தினார். உடன்வந்த அடியார்களை அங்கே நிறுத்தித் தனியராய்க் கங்கை கடந்தார். பின்னர்க் காயும் கிழங்கும் உண்பதையும் ஒழித்தார். இரவிலும் உறங்காது நடந்தார். தாள்கள் தேயக் கையால் தவழ்ந்தார். கைகள் தேய மார்பால் உந்தினார். அதுவும் சிதையப் புரண்டு சென்றார். முடிவில் அசைவற்றுக் கிடந்தார். எடுத்துச் செல்லும் பொருளைப் பெருக்குவதே பயண ஆயத்தமென நாம் எண்ணுகின்றோம். அவர் இருந்தவற்றையும் ஒவ்வொன்றாகக் கைவிட்டார். எனினும் ஒன்று மட்டும் அவரிடம் எஞ்சி நின்றது. அது, கயிலையைக் கண்டே தீர்வேன் என்னும் தம் துணிவு.

அப்பொழுது இறைவன் ஒரு முனிவராய்த் தோன்றி, மானிடர் செல்லற்கு அரிய மலையிது, மீள்க என உரைத்தான். நாயனார் மறுத்தார்; அழியும் இவ்வுடலைத் தாங்கி, கயிலைக்காட்சி பெறாமல் திரும்ப அவர் இசைந்திலர். முனிவர் மறைந்தார். வானில் எழுந்த வாக்கு அவரை எழுப்ப, சிதைந்த உறுப்புக்கள் நலம்பெற்றன. அங்கிருந்த பொய்கையில் மூழ்கித் திருவையாற்றிற் கயிலைக்காட்சி காண்க என்பது ஆணை. இம்முறை நாயனார் மறுக்கவில்லை. ஐந்தெழுத்தை ஓதி மூழ்கினார். ஐயாற்றுப் பொய்கையில் எழுந்தார். அங்கு நிற்பனவும் திரிவனவும் தத்தம் துணையொடு சிவமும் சத்தியுமாய்ப் பொலியக் கண்டார். அத்திருக்கோயிலே கயிலையாய் விளங்கிற்று.

காரைக்காலம்மையாரும் சுந்தரரும் கயிலை சேர, நாவுக்கரசரை மட்டும் திருப்பியது ஏன்? அவர் மண்மீது இன்னும் தமிழ் பாடவேண்டும் என்பதே திருவுள்ளம் என்று சேக்கிழார் விடை கூறுவார். பணிசெய்தற்கு வாய்த்த கருவியாகிய உடம்பை வழியிலேயே மாய்த்துவிட அடியவர்க்கும் உரிமையில்லை என்பது இதனாற் பெறப்படும். அன்பினாற் பிறந்த துணிவேயாயினும், அதனையும் இறுதியில் அருளின்வழி ஒப்புவித்தல் வேண்டும். சரியை நெறிக்கு எடுத்துக்காட்டாய நாயனார் அதனை ஒப்புவித்தபின்னரே காட்சி கிடைத்தது என்பதை உற்று நோக்குக.

திரும்பிய நாயனார் திருப்பூந்துருத்தியில் திருமடம் அமைத்தார். பாண்டிநாடு சென்று மீண்டார். திருப்புகலூரில் மறுபடியும் உழவாரம் ஏந்திப் புல்செதுக்கினார். அங்கே சித்திரைச் சதயத்தில் இறைவன் திருவடி நிழலை அடைந்தார். கயிலை செல்ல இயலாத நம்மனோர், அருகிலுள்ள திருக்கோயிலின் முற்றத்தைத் துப்புரவாக்கும் பணியிலேனும் அவர் வழி நிற்போமாக.

திருச்சிற்றம்பலம்.