ஊசி பிடிக்க முடியல... தூரிகையைப் பிடிச்சாங்க! யார் இந்த கிராண்ட்மா மோசஸ்?

அமெரிக்காவின் நியூயார்க் மாகாணத்தில் 1860-ல் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் அன்னா மேரி ராபர்ட்சன். சின்ன வயசுல படம் வரையறதுன்னா அவருக்கு உயிர். எலுமிச்சை, திராட்சைச் சாறுதான் வண்ணம்.

ஆசை ஏன் நின்றது?

12 வயதிலேயே அடுத்தவர் வீட்டு வேலைக்குப் போனார். 1887-ல் தாமஸ் மோசஸுடன் திருமணம். பிறந்த 10 குழந்தைகளில் 5 பேர்தான் பிழைத்தனர். பால் கறப்பது, வெண்ணெய் கடைவது, அறுவடை, அடுப்படி என 60 ஆண்டுகளுக்கு மேல் ஓடிப்போச்சு.

திருப்பம் எப்படி வந்தது?

1927-ல் கணவர் இறந்தார். பிறகு கம்பளி நூலில் படம் தைத்து வந்தார். மூட்டுவலியால் ஊசி பிடிக்க முடியாமல் போகவே, வண்ணம் தீட்டிப் பார்க்கச் சொன்னார் சகோதரி. அப்போது வயது எழுபதைத் தாண்டி பல வருஷம் ஆகியிருந்தது.

உள்ளூர் மருந்துக்கடையில் 3 முதல் 5 டாலர் விலையில் கிடந்த ஓவியங்கள், 1938-ல் லூயிஸ் கால்டர் என்ற கலை சேகரிப்பாளர் கண்ணில் பட்டன. அத்தனையையும் அவர் வாங்கிவிட்டார். 1940-ல், 80 வயதில், நியூயார்க் நகரில் முதல் தனிக்கண்காட்சி!

அப்படி என்ன வரைந்தார்?

மேப்பிள் சாறு காய்ச்சுவது, துணி துவைக்கும் நாள், பனி மூடிய பண்ணை... எல்லாமே வரைய நேரமில்லாமல் உழைத்த அந்த வருஷங்களின் காட்சிகள்தான். 20 வயதில் தூரிகை கிடைத்திருந்தால் இத்தனை நினைவுகள் அவரிடம் இருந்திருக்காது.

1961-ல், 101 வயதில் மறைந்தபோது, அவர் வரைந்திருந்த ஓவியங்கள் 1,500-க்கும் மேல்.