வாங்கும் பொருளுக்கும் ஒரு கணக்கு உண்டு: ஜே.சி.குமரப்பாவின் வாழ்க்கை சொல்லும் பாடம்



கடையில் ஒரு பாக்கெட் எண்ணெய் வாங்கும்போது அதன் விலை மட்டுமே நம் கண்ணில் படுகிறது. அந்தப் பணம் எந்த ஊருக்குப் போகிறது, யாருடைய பிழைப்பு போகிறது, நம் மண்ணுக்கு என்ன இழப்பு என்பதை நாம் கணக்கில் சேர்ப்பதில்லை. இவற்றையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னவர், தஞ்சாவூரில் பிறந்த பொருளாதார அறிஞர் ஜே.சி.குமரப்பா.

தணிக்கையாளர் கிராமத்துக்கு வந்தார்

1892 ஜனவரி 4-ம் தேதி பிறந்த குமரப்பா, லண்டனில் தணிக்கையாளர் படிப்பை முடித்து, பம்பாயில் தொழில் நடத்தினார். பின்னர் அமெரிக்காவில் சைரகியூஸ், கொலம்பியா பல்கலைக்கழகங்களில் படித்தார். இந்தியாவின் வரிப்பணம் எப்படி வெளியேறி மக்களை வறுமையில் தள்ளுகிறது என்பதை அங்கே ஆராய்ந்தார். 1929-ல் காந்தியடிகளைச் சந்தித்தபின் கோட்டு, சூட்டை விட்டுக் கதருக்கு மாறினார்.

குஜராத்தின் கேடா மாவட்டத்தில் உள்ள மாத்தர் தாலுகாவில், மாணவர்களோடு ஊர் ஊராகச் சென்று விவசாயக் குடும்பங்களின் வரவு, செலவு, கடன் விவரங்களைத் திரட்டினார். 1934-ல் அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கம் தொடங்கியபோது, அதன் செயலாளராக வார்தாவில் பணியாற்றினார்.

பொருளின் பின்னால் இருப்பது

ஒரு டப்பா கோகோ வாங்கினால், அதை விளைவித்த ஆப்பிரிக்கக் கூலியாளிடம் கட்டாயப்படுத்தி வேலை வாங்கினார்களா என்றும் கேட்க வேண்டும் என்றார். கொடுமையில் விளைந்ததை வாங்குபவருக்கும் அந்தப் பாவத்தில் பங்கு உண்டு என்பது அவர் கருத்து.

நம் வீட்டுப் பொருட்களையும் அப்படியே எடைபோட்டார். ஆலையில் தீட்டிய அரிசியில் தவிட்டுச் சத்து போகிறது, நெல் குத்தும் பெண்களின் வேலையும் போகிறது. நிலக்கடலை வெளியூர் ஆலைக்குப் போனால் மாட்டுக்குப் புண்ணாக்கு இல்லை. ஊர்ச் செக்கில் ஆட்டினால் எண்ணெய், புண்ணாக்கு, கூலி மூன்றும் ஊரிலேயே தங்கும். கரும்புக்கு நல்ல நிலமும் நீரும் வேண்டும், பனையோ தரிசிலும் வளரும் என்பதால் பனைவெல்லத்தை ஊக்குவித்தார்.

1945-ல் வெளிவந்த நிலைத்த பொருளாதாரம் பற்றிய நூலைச் சிறையில் எழுதினார். ஒரு லட்சம் மக்களின் சத்தான உணவுக்கு எந்தப் பயிர் எத்தனை ஏக்கர் வேண்டும் என்றும் கணக்கிட்டுக் காட்டினார். ஒரு வீட்டின் நுகர்வுக்கு எவ்வளவு நிலம், நீர் செலவாகிறது என்று இன்று உலகம் அளக்கிறது. அந்த வழியில் அவர் அன்றே நடந்துவிட்டார்.

ரசாயன உரம் மண்ணைத் தற்காலிகமாகத் தூண்டிப் பிறகு சோர்வடையச் செய்யும் என்று அஞ்சினார். உரமே கூடாது என்று இன்று நாங்கள் பரிந்துரைப்பதில்லை. ஆனால் மண்ணிலிருந்து எடுத்ததை மண்ணுக்குத் திருப்பித் தர வேண்டும் என்ற அவர் கணக்கில் பிழையில்லை. உங்கள் நெல் சென்னை பாலவாக்கத்தில் ஒரு வீட்டில் சோறாகிறது. அந்த வீட்டு மிச்சம் உங்கள் வயலுக்குத் திரும்புவதில்லை. தென்சென்னையின் குப்பை பல பத்தாண்டுகளாகப் பள்ளிக்கரணை சதுப்பு நில ஓரம், பெருங்குடியில் கொட்டப்பட்டது. வயல் சத்தை இழக்கிறது, சதுப்பு நிலம் குப்பையைச் சுமக்கிறது.

கடைசி ஆண்டுகளை மதுரை மாவட்டம் தே.கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கழித்த குமரப்பா, 1960 ஜனவரி 30-ம் தேதி, காந்தியடிகளின் நினைவு நாளிலேயே மறைந்தார்.

நீங்கள் செய்ய வேண்டியது

ஒரு நோட்டில், ஒரு மாதத்துக்கு நான்கு பத்திகளாக எழுதுங்கள்:

1. வாங்கிய பொருளும் விலையும்.
2. பணம் உள்ளூரில் தங்கியதா, வெளியே போனதா?
3. இதை நம் ஊரிலேயே விளைவிக்கவோ தயாரிக்கவோ முடியுமா?
4. மிச்சமும் கழிவும் எங்கே போகிறது: மாட்டுக்கா, எருக்குழிக்கா, தெருவுக்கா?

மாத முடிவில் இரண்டாம் பத்தியைக் கூட்டுங்கள். நிலக்கடலையை விற்றுவிட்டுப் பாக்கெட் எண்ணெய் வாங்கும் வீடு என்றால், எண்ணெய், புண்ணாக்கு இரண்டுக்கும் கொடுத்த பணத்தைத் தனியே குறித்து, செக்குக் கூலியோடு ஒப்பிடுங்கள். லாபமாக இருந்தால் அடுத்த அறுவடையில் வீட்டுக்கு வேண்டிய அளவு கடலையை விற்காமல் நிறுத்தி வையுங்கள். நான்காம் பத்தியில் தெருவுக்குப் போவதை எருக்குழிக்குத் திருப்புங்கள். உரம் வாங்கும் முன் அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் மண் பரிசோதனை செய்து, தேவையான அளவு மட்டும் வாங்குங்கள்.