மேடையில் தேங்காய் விற்றவர்: நகைச்சுவையிலிருந்து குணச்சித்திரத்துக்கு உயர்ந்த சீனிவாசன்

சென்னை: தமிழ்த் திரையுலகில் பட்டப்பெயர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால், ஒரே ஒரு நாடக வேடம் வாழ்நாள் முழுவதற்குமான பெயராக ஒட்டிக்கொண்டது தேங்காய் சீனிவாசனுக்குத்தான்.

1937 அக்டோபர் 21-ஆம் தேதி ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த சீனிவாசன், சிறுவயதிலேயே குடும்பத்துடன் சென்னைக்கு வந்தார். தந்தை ராஜவேல் முதலியார் நாடகக்காரர். அவருடைய 'கலாட்டா கல்யாணம்' நாடகத்தில் நகைச்சுவை வேடமேற்று மேடை ஏறிய சீனிவாசன், பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலையில் பணியாற்றிக்கொண்டே ரயில்வே நாடகக் குழுவிலும் நடித்தார்.

'கல் மணம்' நாடகத்தில் அவர் ஏற்றது தேங்காய் வியாபாரி வேடம். நாடகம் காண வந்த நகைச்சுவை நடிகர் கே.ஏ.தங்கவேலு, இனி இவரைத் தேங்காய் சீனிவாசன் என்றே அழைக்க வேண்டும் என மேடையிலேயே அறிவித்தார். மூத்த கலைஞர் சூட்டிய பெயர் நிலைத்துவிட்டது.

1965-இல் வெளியான 'ஒரு விரல்' மூலம் திரைக்கு வந்தார். அகராதியில் இல்லாத சொற்களை மூச்சுவிடாமல் அடுக்குவது அவரது தனி முத்திரை. பொருள் புரியாமலேயே திரையரங்கு சிரித்தது. எம்.ஜி.ஆரின் எழுபதுகளின் படங்கள் பலவற்றிலும் அவருக்கு இடமிருந்தது.

திருப்புமுனை 1972-இல் வந்தது. சித்ராலயா கோபு இயக்கிய 'காசேதான் கடவுளடா' படத்தில், பணத்தைக் கைப்பற்றும் திட்டத்துக்காகச் சாமியார் வேடம் போடும் அப்பாசாமியாக அவர் நடித்தார். காவி உடையில் ஆன்மிகம் பேசத் தொடங்கும் அவரது வாயிலிருந்து சென்னைத் தமிழ் நழுவி விழும் இடங்களே படத்தின் உயிர். முத்துராமனும் ஸ்ரீகாந்தும் உடனிருந்தும், ரசிகர்கள் இன்றும் முதலில் நினைவுகூர்வது அந்தச் சாமியாரைத்தான். 1974-இல் 'கலியுக கண்ணன்' படத்தின் மையப் பாத்திரமே அவருக்குக் கிடைத்தது. சிரிப்பு நடிகர் ஒரு முழுப் படத்தைத் தோளில் சுமப்பது அன்று அரிதான ஒன்று.

ஆயினும், அவரது நடிப்பின் உச்சம் 1981-இல் கே.பாலசந்தர் இயக்கிய 'தில்லு முல்லு' என்றே கூற வேண்டும். ரிஷிகேஷ் முகர்ஜியின் 'கோல்மால்' இந்திப் படத்தின் மறுஆக்கமான இதில், உத்பல் தத் ஏற்றிருந்த முதலாளி வேடம் சீனிவாசனுக்கு வந்தது. மீசையை ஒழுக்கத்தின் அடையாளமாக மதிக்கும் அந்த முதலாளி, ஊழியர் ரஜினிகாந்தின் பொய்களை ஒவ்வொன்றாக நம்புகிறார். பழைய சொல் விளையாட்டுகளை ஒதுக்கிவைத்துவிட்டு, தன்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்பதையே அறியாத மனிதராக சீனிவாசன் நடித்தார். கோபமும் கண்டிப்பும் உண்மையாக இருந்ததால்தான் சிரிப்பும் வந்தது. ரஜினியின் முதல் முழுநீள நகைச்சுவைப் படம் என்று அறியப்படும் அதில், சரிபாதி வெற்றி இவருக்கும் உரியது.

நடிப்போடு நிற்க அவருக்கு மனமில்லை. சிவாஜி கணேசனை வைத்து 'கிருஷ்ணன் வந்தான்' படத்தைத் தயாரித்தார். 1987-இல் வெளியான அப்படம் எதிர்பார்த்த வெற்றியைத் தரவில்லை.

அதே ஆண்டு பெங்களூரு சென்றிருந்தபோது மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு, நவம்பர் 9-ஆம் தேதி அங்கேயே காலமானார். ஐம்பது வயது நிறைந்து மூன்று வாரங்கள்கூட ஆகியிருக்கவில்லை. அடுத்த மாதம் எம்.ஜி.ஆரும் மறைந்தார்.

சீனிவாசனின் பேத்தி ஸ்ருதிகா, 2002-இல் சூர்யாவுடன் 'ஸ்ரீ' படத்தில் நடித்தார். பின்னர் 'குக்கு வித் கோமாளி' நிகழ்ச்சியின் மூன்றாவது பருவத்தில் பட்டம் வென்றார்.