மணியோசையும் மரணமும்

வியன்னா மாநகரின் பொது வைத்தியசாலை வாயிலில், நிறைமாதக் கர்ப்பிணிகள் முழந்தாளிட்டு மன்றாடுவதை மனக்கண்முன் கொண்டுவாருங்கள். தங்களை முதலாம் பிரசவ விடுதியில் சேர்க்க வேண்டாம் என்பதே அவர்களது மன்றாட்டு. அங்கே பயின்றவர்கள் வைத்திய மாணவர்கள். இரண்டாம் விடுதியில் பயின்றவர்கள் மருத்துவிச்சிகள். 1846ஆம் ஆண்டில் முதலாம் விடுதியில் 4010 பிரசவங்களில் 459 தாய்மார் மாண்டனர். இரண்டாவதில் 3754 பிரசவங்களில் 105 தாய்மாரே மாண்டனர். பிரசவக் காய்ச்சலே அவர்களைக் கொண்டுசென்ற கொள்ளைநோய். வரும் வழியில் தெருவிலே பிள்ளை பெற்றவளுக்குக்கூட அக்காய்ச்சல் அரிதாகவே கண்டது.

அவ்வாண்டில் முதலாம் விடுதியில் உதவி வைத்தியராகப் பொறுப்பேற்றவர் இக்னாஸ் செம்மல்வைஸ். 1818இல் ஹங்கேரியின் பூடா நகரில், கத்தோலிக்க வணிகக் குடும்பமொன்றில் பிறந்தவர். இவ்வேறுபாட்டின் காரணத்தை அறியாமல் அவர் மனம் ஆறவில்லை. நெருக்கடியா என்று பார்த்தார். இரண்டாம் விடுதியிலேயே கூட்டம் அதிகம். பிரசவிக்கும் நிலையை மாற்றிப் பார்த்தார், பயனில்லை. மரிக்கும் தாய்க்கு அவஸ்தைப்பூசுதல் வழங்கச் சென்ற குருவானவர், மணியோசை முன்செல்ல, ஏனைய தாய்மார் படுத்திருந்த அறைகளைக் கடந்தே செல்லவேண்டியிருந்தது. அந்த ஓசை தந்த அச்சமே கொல்கிறதோ என்று ஐயுற்றார். குருவானவரும் இசைந்து, மணியின்றிச் சுற்றுவழியாகச் சென்றார். ஆயினும் மரணம் குறையவில்லை. ஓர் எளிய சந்தேகத்தையும் சோதித்துப் பார்க்காமல் விடாத அந்த நேர்மையை எண்ணிப் பாருங்கள்.

1847 மார்ச்சில் அவரது நண்பரான பேராசிரியர் கொலெட்ஷ்கா, பிரேத பரிசோதனையின்போது மாணவனின் கத்தி பட்டு, காயம் விஷமாகி இறந்தார். அவரது உடலில் காணப்பட்டவை, மாண்ட தாய்மாரின் உடல்களில் காணப்பட்டவையே. செம்மல்வைஸுக்கு உண்மை புலப்பட்டது. மாணவர்கள் பிரேதங்களை அறுத்த கையோடு தாய்மாரைச் சோதித்தனர். மருத்துவிச்சிகளோ பிரேத அறைக்குள் செல்வதில்லை. நாள்தோறும் காலையில் பிரேதங்களை ஆராய்ந்தவர்களுள் செம்மல்வைஸும் ஒருவர். மரணத்தைச் சுமந்த கைகளுள் தம் கைகளும் உண்டு என்பதைப் பின்னர் தம் நூலில் மறைக்காது எழுதினார்.

மே மாத நடுவில், குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கைகழுவிய பின்னரே தாய்மாரைத் தொடலாம் என விதித்தார். ஏப்ரலில் நூற்றுக்கு 18 பேர் மாண்ட விடுதியில், ஓகஸ்டில் இருவரும் மாளவில்லை. 1848இல் 3556 பிரசவங்களுக்கு 45 மரணங்களே. இரு மாதங்களில் ஒரு தாயும் சாகவில்லை.

உலகம் அவரைக் கொண்டாடியிருக்கும் என்று நினைப்பீர்கள். தங்கள் கைகளே கொன்றன என்பதைப் பெரியவர்கள் பலர் ஏற்க மறுத்தனர். 1849இல் அவரது பதவி நீடிக்கப்படவில்லை. அடுத்த ஆண்டில் நண்பர்களிடமும் விடைபெறாது பெஸ்ட் நகருக்குத் திரும்பினார். அங்கே புனித ரோக்கு வைத்தியசாலையில் ஆறு ஆண்டுகளில் 933 பிரசவங்களில் எட்டுத் தாய்மாரையே அக்காய்ச்சலுக்கு இழந்தார். எனினும் தம் கண்டுபிடிப்பை விரிவான நூலாக வெளியிட 1861 வரை தாமதித்தார். பின்னர் மறுத்தோரைக் கொலைகாரர் எனப் பகிரங்கக் கடிதங்களில் சாடினார். அந்தச் சினம் நியாயமானதே. ஆனால் அது எவரையும் கைகழுவச் செய்யவில்லை.

1865இல் அவரது மனம் கலங்கியது. நயமாக அழைத்துச் செல்லப்பட்டு வியன்னாவின் மனநோயாளர் இல்லமொன்றில் அடைக்கப்பட்டார். காவலர் தாக்கியதால் உண்டானவை எனக் கருதப்படும் புண்கள் சீழ்பிடித்தன. ஓகஸ்ட் 13ஆம் திகதி, 47ஆம் வயதில், தாம் ஆயிரக்கணக்கான தாய்மாரிடமிருந்து விலக்கிய அதே வகை நஞ்சு இரத்தத்தில் கலந்து மரித்தார். ஓகஸ்ட் 15, மரியன்னையின் விண்ணேற்புத் திருநாளன்று, மிகச் சிலர் முன்னிலையில் அவரது உடல் அடக்கம் செய்யப்பட்டது.