கேள்வி கேட்கக் கற்பித்த ஆசான்

(பத்தாம் வகுப்பு மாணவி, எடமலைப்பட்டி புதூர்)

பாடத்தை அப்படியே ஒப்பிப்பவரே நல்ல மாணவர் என்று எண்ணிய காலத்தில், சிந்தித்த பின் ஏற்றுக்கொள்ளக் கற்பித்தவர் ஹென்றி டிரோசியோ.

இவர் 1809ஆம் ஆண்டு கல்கத்தாவில் போர்த்துக்கீசிய வழிவந்த குடும்பத்தில் பிறந்தார். பதினான்கு வயதில் பள்ளிப் படிப்பை முடித்து வேலைக்குச் சென்றார். பாகல்பூரில், கங்கைக் கரையில் கவிதைகள் எழுதினார். இருபது வயது நிரம்புமுன்பே இந்துக் கல்லூரியில் ஆசிரியரானார்!

1828இல் மாணவருக்காக விவாத மன்றம் கண்டார். விதி, நாட்டுப்பற்று, சமயம் என எதையும் அங்கே இருதரப்பிலும் நின்று பேசலாம். பிள்ளைகள் ஆசாரங்களை மீறவே, பெற்றோர் அஞ்சினர். சிலர் பிள்ளைகளைக் கல்லூரியிலிருந்து நிறுத்தினர். 1831 ஏப்ரலில் நிர்வாகக் குழு அவரை நேரில் விசாரிக்காமலேயே விலக்கத் தீர்மானித்தது. தாம் நாத்திகம் போதிக்கவில்லை, கடவுள் உண்டு என்பார், இல்லை என்பார் ஆகிய இருவர் வாதங்களையுமே எடுத்துரைத்ததாகக் கடிதத்தில் டிரோசியோ விளக்கினார்; கல்லூரியிலிருந்தும் விலகினார். அதே ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் காலரா நோயால் இறந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டே!

பெற்றோரின் அச்சம் அன்பினால் எழுந்ததே. ஆனால் நடந்தது என்ன? அவர் வழிவந்த கிருஷ்ணமோகன் பானர்ஜி கிறிஸ்தவக் குருவானார்; ராம்தனு லாகிரி சிறந்த ஆசிரியரானார். கேள்வி கேட்டதால் அவர்கள் கெட்டுவிடவில்லை.

அன்புத் தோழியரே! பட்டிமன்ற மேடையில் எதிரணி பேசும்போது நாம் கைதட்டிச் சிரித்து அடக்க முயல்கிறோம். இனி டிரோசியோவை நினைத்து, பொறுமையாகக் கேட்டு, பணிவோடு மறுத்துப் பேசுவோமாக!