நம் சேலத்தில் பாடம் சொன்ன மொழிஞாயிறு

கோரிமேடு, அஸ்தம்பட்டி வழியாக டவுனுக்குப் போகும் நம்மில் பலர் செர்ரி ரோட்டில் உள்ள அரசு கலைக் கல்லூரியைக் கடந்துதான் போகிறோம். அது நகராட்சிக் கல்லூரியாக இருந்த காலத்தில், 1944 முதல் 1956 வரை, அங்கே தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர் தேவநேயப் பாவாணர். மொழியாராய்ச்சிக்காகவே வாழ்ந்து, மொழியாராய்ச்சி மாநாட்டில் பேசிய பேச்சே கடைசிப் பேச்சாக மறைந்தவர். இந்த இதழில் அவரைப் பற்றி.

1902 பிப்ரவரி 7-ஆம் தேதி திருநெல்வேலிச் சீமை சங்கரன்கோவிலில் பிறந்தார். தந்தை ஞானமுத்து, தாய் பரிபூரணம். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து, ஆம்பூரில் அக்கா வீட்டு ஆதரவில் வளர்ந்தார். பாளையங்கோட்டையில் படிப்பை முடித்துப் பள்ளி ஆசிரியரானார். பல ஊர்ப் பள்ளிகளில் வேலை பார்த்துக்கொண்டே தமிழை இலக்கணத்தோடு கற்று, பிற மொழிகளையும் தாமே படித்தார்.

திருச்சியில் ஆசிரியராக இருந்தபோது, திராவிட மரபு தோன்றிய இடம் குமரிநாடே என்று ஓர் ஆய்வுநூல் எழுதிச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார். பல்கலைக்கழகம் அதை ஏற்கவில்லை. அவர் சோர்ந்து உட்காரவில்லை. 1940-இல் ‘ஒப்பியன் மொழிநூல்’ வெளிவந்தது.

அவர் ஆராய்ச்சியின் அடிப்படையை நம் வீட்டுப் பேச்சிலிருந்தே விளக்கலாம். அவன் என்றால் தூரத்தில் இருப்பவன். இவன் என்றால் பக்கத்தில் இருப்பவன். இரண்டுக்கும் நடுவில் இருப்பவனைக் குறிக்க உவன் என்ற சொல்லும் தமிழில் உண்டு. நாம் அதை விட்டுவிட்டோம். யாழ்ப்பாணத்தார் இன்றும் சொல்கிறார்கள். இப்படிச் சுட்டும் ஒலிகளிலிருந்தே சொற்கள் கிளைத்தன என்பது பாவாணர் கருத்து. இதற்காகவே ‘சுட்டு விளக்கம்’ என்று தனி நூல் எழுதினார்.

சேலத்து 12 ஆண்டுகளில் நிலையான சம்பளமும் எழுத நேரமும் கிடைத்தன. இங்கிருந்தபடியே தமிழ் எம்.ஏ. பட்டம் பெற்றார். ‘முதற்றாய்மொழி’ போன்ற நூல்கள் இக்காலத்தில் வந்தவையே. பிற்காலத்தில் ‘தென்மொழி’ இதழை நடத்திய பெருஞ்சித்திரனார் இங்கே அவரிடம் படித்த மாணவர். 1955-இல் சேலம் தமிழ்ப் பேரவை, பெரியார் தலைமையில் விழா எடுத்து, திராவிட மொழிநூல் ஞாயிறு என்ற பட்டத்தை அவருக்கு வழங்கியது. இன்று மொழிஞாயிறு என்று நாம் சொல்வது இந்தப் பெயரைத்தான்.

1956-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அழைத்தது. ஐந்து ஆண்டுகளில், 1961-இல், அந்த வேலை போயிற்று. 1963-இல் மனைவி நேசமணி அம்மையாரும் காலமானார். காட்பாடியில் வருமானம் இல்லாமல் வாழ்ந்த அந்தக் காலத்திலும் எழுத்தை அவர் நிறுத்தவில்லை. ஒவ்வொரு தமிழ்ச் சொல்லும் எங்கே பிறந்தது என்று காட்டும் பேரகராதி ஒன்று வேண்டும் என்பதே அவர் எண்ணம். அதற்காகத் தென்மொழி வாசகர்கள் பணம் சேர்த்து உதவினார்கள். 1974 மே மாதம் தமிழக அரசு செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தைத் தொடங்கி அவரை இயக்குநராக்கியது. அப்போது அவருக்கு வயது 72. மற்றவர்கள் ஓய்வெடுக்கும் வயதில் அவருக்கு வேலை தொடங்கியது.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். தமிழே உலகின் முதல் மொழி, அது கடல்கொண்ட குமரிக்கண்டத்தில் பிறந்தது என்று பாவாணர் நம்பினார். இன்றைய மொழியியலாரும் நிலவியலாரும் இதை ஏற்பதில்லை. கால்டுவெல் 1856-இல் காட்டிய வழியில், தமிழைத் தெலுங்கு, கன்னடம் போன்ற உறவு மொழிகளோடு ஒப்பிட்டு, பழைய பொதுவடிவம் என்னவாக இருந்திருக்கும் என்று தேடுவது அவர்கள் முறை. ஆனால் முடிவு சரியா தவறா என்பது ஒன்று, உழைப்பு மற்றொன்று. நூல்வழக்கோடு நிற்காமல் உழவர், தொழிலாளர் வாயில் புழங்கும் சொல்லையும் ஆராய்ச்சிக்கு உரியதாக அவர் மதித்தார். அந்த மதிப்பு இன்றைக்கும் நமக்குத் தேவை.

1981 ஜனவரியில் மதுரையில் ஐந்தாம் உலகத் தமிழ் மாநாடு நடந்தது. 5-ஆம் தேதி ஆய்வரங்கில், மாந்தன் தோற்றமும் தமிழர் மரபும் என்ற தலைப்பில் பாவாணர் உரையாற்றினார். அன்றிரவே நெஞ்சுவலி வந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். 16-ஆம் தேதி அதிகாலையில் காலமானார். 79 வயது நிறைய மூன்று வாரம் இருந்தது. அகரமுதலியின் முதல் பகுதி 1985-இல்தான் வெளிவந்தது. அதை அவர் பார்க்கவில்லை. 31 பகுதிகளும் முடிய மேலும் கால் நூற்றாண்டு ஆனது. சென்னை அண்ணா சாலையில் உள்ள மாவட்ட மைய நூலகம் அவர் பெயரில் இருக்கிறது. 2006-இல் அஞ்சல்தலையும் வந்தது.

நம் பகுதியிலும் தறி ஓட்டியவர்கள், குச்சிக்கிழங்கு பயிர் செய்தவர்கள், மலையடிவாரத்தில் ஆடு மேய்த்தவர்கள் இருக்கிறார்கள். பாவும் ஊடையும் நாடாவும் அவர்கள் வாயில் இன்னும் இருக்கும் சொற்கள். இந்த விடுமுறையில் பிள்ளைகள் தாத்தா பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து, தங்களுக்குத் தெரியாத பத்துச் சொற்களையாவது கேட்டு நோட்டில் எழுதி வைக்கட்டும். பாவாணர் பாடம் சொன்ன ஊரில் இருக்கிறோம். அவருக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை இது.