பவுல் மௌசர்

பீட்டர் பவுல் மௌசர் (ஜூன் 27, 1838 – மே 29, 1914) ஜெர்மனியைச் சேர்ந்த துப்பாக்கி வடிவமைப்பாளரும் தொழிலதிபரும் ஆவார். இவர் வடிவமைத்த ரைபிள் துப்பாக்கிகள் பல நாட்டுப் படைகளில் பயன்பட்டன. அவற்றின் பாகங்களில் பொறிக்கப்பட்ட எண்கள், ஒரு பழைய துப்பாக்கி மூல நிலையில் உள்ளதா என்பதை அறிய இன்றும் உதவுகின்றன.

வாழ்க்கை

மௌசர் வூர்ட்டம்பெர்க் அரசிலிருந்த ஓபர்ண்டோர்ப் நகரில் பிறந்தார். இவரது தந்தை அங்கிருந்த அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலையில் பணியாற்றியவர். மௌசரும் இளம் வயதிலேயே அத்தொழிலில் ஈடுபட்டார். 1859 இல் படைப்பணிக்கு அழைக்கப்பட்டுப் பீரங்கிப் படையில் பணிபுரிந்தார்.

பின்னர் தமையன் வில்கெல்முடன் இணைந்து, உலோகத் தோட்டாவைப் பயன்படுத்தும் துப்பாக்கியை உருவாக்கினார். இது 1871 ஆம் ஆண்டு மாதிரி என்ற பெயரில் ஜெர்மானியப் படையில் ஏற்கப்பட்டது. 1874 இல் சகோதரர்கள் தம் ஊரின் அரசுத் தொழிற்சாலையையே விலைக்கு வாங்கினர். வணிகப் பொறுப்பைக் கவனித்து வந்த வில்கெல்ம் 1882 இல் காலமானார்.

1898 இல் ஜெர்மனி கெவேர் 98 துப்பாக்கியை ஏற்றது. குழலின் பின்புறத்தை அடைக்கும் போல்ட்டில் மூன்றாவது பூட்டு முனையும், தோட்டா வெடித்துச் சிதறினால் வாயுவை வெளியேற்றும் துளைகளும் இதில் இருந்தன. 1901 இல் தானியங்கும் துப்பாக்கி ஒன்றைச் சோதிக்கையில் நேர்ந்த விபத்தில் மௌசர் ஒரு கண்ணை இழந்தார். எனினும் தமது பணியைத் தொடர்ந்தார். தமது 1903 ஆம் ஆண்டு ஸ்பிரிங்ஃபீல்டு துப்பாக்கியில் மௌசரின் காப்புரிமைகளைப் பயன்படுத்தியதற்காக அமெரிக்க அரசு 2,00,000 டாலர் செலுத்தியது.

மூலப் பாகங்களை அறிதல்

கெவேர் 98 இன் முதன்மைப் பாகங்களில் வரிசை எண்ணும், திருகு போன்ற சிறு பாகங்களில் அதன் கடைசி இரு இலக்கங்களும் பொறிக்கப்பட்டன. ஒவ்வொரு துப்பாக்கிக்கும் பாகங்கள் தனித்தனியே பொருத்தப்பட்டதால், பழுதுபார்த்தபின் அவை அதே துப்பாக்கிக்குத் திரும்புவதற்கு இந்த எண்கள் தேவைப்பட்டன. வேறொரு துப்பாக்கியின் போல்ட் சரியாகப் பொருந்தாவிடில் சுடுபவருக்கு ஆபத்து நேரிடலாம்.

மௌசரின் மறைவுக்குப்பின், 1935 இல் வந்த குறுகிய வடிவமான கே98கே துப்பாக்கிகள் பலவற்றை இரண்டாம் உலகப் போரில் சோவியத் படை கைப்பற்றியது. அவை பிரிக்கப்பட்டு, கலந்த பாகங்களுடன் மீண்டும் கோக்கப்பட்டன. சிலவற்றில் புதிய எண் மின் எழுதுகோலால் கீறப்பட்டது. எனவே எண்கள் ஒத்திருப்பது மட்டும் போதாது. அவை அச்சால் அழுத்தப்பட்டவையா, பின்னர் கீறப்பட்டவையா என்பதையும் நோக்க வேண்டும்.

மரக்கட்டையின் சேதங்கள்

தொடக்கத்தில் வால்நட் மரமும், முதல் உலகப் போர்க்காலத்தில் பீச் மரமும் கட்டைக்குப் பயன்பட்டன. பிடிப்பகுதியில் விரிசலும், எண்ணெய் ஊறிக் கருத்த இடங்களும் பொதுவாகக் காணப்படும் சேதங்களாகும். உலோக விளிம்பைவிட மரம் தாழ்ந்திருந்தால், கட்டை பிற்காலத்தில் உப்புத்தாளால் தேய்க்கப்பட்டிருக்கலாம். அவ்வாறு தேய்த்தால் ஆய்வாளரின் முத்திரைகளும் அழிந்துவிடுகின்றன. ஆனால் படைத் தொழிற்கூடத்தில் மரத்துண்டு ஒட்டிச் செய்த பழுதுநீக்கம் துப்பாக்கியின் வரலாற்றுக்குச் சான்றாகக் கொள்ளப்படுகிறது.